கால்விரலை ஆட்டிய முப்பது நாள்

மகேசுக்கும் பாண்டிக்கும் அப்பா எழுதுவது.

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனியை அடைத்துவிட்டார்கள். திறக்க இன்னும் மூன்று வாரம் ஆகும். வெளியே மழை. அம்மா என்னை வீட்டுக்குள் சும்மா சுற்றி வராதே என்று திட்டுகிறாள். அதனால் மகேசின் பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த தாள்களில் இதை எழுத உட்கார்ந்தேன்.

போன வாரம் மகேசு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கேட்டாள். "ஏம்ப்பா, கேன்சர் வந்தவுக எந்நேரமும் அழுதுக்கிட்டே இருப்பாகளாம்ல? எங்க கிளாஸ்ல சொல்றாளுக. நீங்களும் அழுதீகளா?"

இல்லை என்று சொன்னேன். நீ நம்பவில்லை. நீ நம்பாதது சரிதான். நான் இரண்டு தடவை அழுதேன். ஆனால் அந்த இரண்டையும் விட்டுப் பார்த்தால், அதுவரை என் ஆயுசில் சிரித்ததைவிட அந்த நாட்களில்தான் அதிகமாகச் சிரித்திருக்கிறேன். இது எப்படி என்று வாயால் சொன்னால் நீங்கள் பாதியில் எழுந்து டிவி பார்க்கப் போய்விடுவீர்கள். எழுதி வைத்தால் என்றைக்காவது படிப்பீர்கள். நான் எட்டாவது வரைதான் படித்தவன். பிழை இருந்தால் மகேசு திருத்திக்கொள்.

முதலில் நோய். கம்பெனிக்குள் பீடி, தீப்பெட்டி எதையும் கொண்டுபோகக் கூடாது என்று உங்களுக்குத் தெரியும். வாசலிலேயே தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். அதனால் எங்களில் பாதிப்பேர் புகையிலை போடப் பழகியிருந்தோம். நெருப்பில்லாத சாமான், ஒன்றும் செய்யாது என்ற நினைப்பு. இடது கன்னத்துக்குள் அதக்கிக்கொண்டால் மத்தியானம் வரை ஓடும். பத்து வருசம் அப்படி அதக்கினேன். அதே பக்கத்தில் நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்தது. பல் குத்திவிட்டது என்று நினைத்தேன். ஒரு மாதமாகியும் ஆறவில்லை. சிவகாசியில் பல் டாக்டரிடம் போனேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பல்லைப் பற்றி ஒன்றுமே பேசாமல் மதுரைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அப்போதே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. எனக்குப் புரியவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் புண்ணிலிருந்து எள்ளளவு சதையைக் கிள்ளி எடுத்தார்கள். அதைக் கண்ணாடியில் வைத்துப் பெரிதாக்கிப் பார்ப்பார்களாம். இதற்குப் பெயர் பயாப்சி. நம் உடம்பு கண்ணுக்குத் தெரியாத லட்சக்கணக்கான துணுக்குகளால் ஆனது. அவை அளவோடு வளரும், அளவோடு சாகும். அதில் சில துணுக்குகள் சொல் பேச்சுக் கேட்காமல் பெருகிக்கொண்டே போனால் அதுதான் புற்றுநோய். தொட்டால் ஒட்டாது. ஒரே டம்ளரில் குடித்தாலும் ஒட்டாது. யார் கேட்டாலும் இதைச் சொல்லுங்கள்.

ரிசல்ட் வந்த அன்று மதுரை பஸ் ஸ்டாண்டில், ஒரு ரூபாய் போன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். அது முதல் தடவை. அம்மா அழவில்லை. கடையில் ஒரு பன்னும் டீயும் வாங்கி வந்து, "நனைச்சுத் தின்னுங்க. நல்லா அழுகவும் தெம்பு வேணும்ல" என்றாள்.

புண் இருந்த இடத்தை வெட்டி எடுத்தார்கள். தையல் ஆறியதும், மிச்சம் மீதி ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதையும் கருக்குவதற்காக முப்பது நாள் கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். எல்லோரும் கரண்ட் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அது கரண்ட் இல்லை. எக்ஸ்ரே எடுக்கும்போது ஒரு கதிர் வருகிறதே, அதையே பலமாக்கி, நோய் இருந்த இடத்தில் மட்டும் இரண்டு மூன்று நிமிசம் படவைப்பது. சுடாது, வலிக்காது. வாரத்தில் ஐந்து நாள். இடையில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் நோய் சுதாரித்துக்கொள்ளும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார்.

இந்த இடத்தில் கம்பெனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் நீங்கள் பார்த்ததில்லை. ஏழாயிரம்பண்ணைக் காட்டுக்குள் தள்ளித் தள்ளி ஒவ்வோர் அறையாகக் கட்டியிருக்கும். நான் பூச்சட்டிக்கு மருந்து செலுத்துகிற அறையில் வேலை பார்க்கிறேன். நாலு பக்கமும் வாசல். கதவைச் சாத்தவே கூடாது. நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. அவரவர் ஒரு வாசலைப் பார்த்து உட்கார வேண்டும். மின்சாரம் கிடையாது, பகல் வெளிச்சம்தான். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பழக்கம் உண்டு. ஒருத்தர் எழுந்து ஓடினால், ஏன் எதற்கு என்று கேட்காமல் மற்றவர்களும் ஓட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. என்னை வேலைக்குச் சேர்த்த அன்று மருந்தைத் தொட விடுவதற்கு முன்னால் இதைத்தான் பழக்கினார்கள். இந்தப் பழக்கத்தால்தான் நான் ஒரு தடவை உயிரோடு வந்தேன். அது வேறு கதை.

கரண்ட் வைக்க முதல் நாள் போனேன். கூட அம்மா வந்திருந்தாள். அதற்கு முந்தின வாரமே என் முகத்துக்கு அளவெடுத்து ஒரு மூடி செய்திருந்தார்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் வலையை வெந்நீரில் போட்டு இளக்கி முகத்தில் அமுக்கினால், மூக்கும் தாடையும் அப்படியே பதிந்து இறுகிவிடும். பாண்டி, நீ அதை மாட்டிக்கொண்டு தெருவில் எல்லோரையும் பயமுறுத்தி, கடைசியில் உடைத்தாயே, அதுதான். மேசையில் படுக்க வைத்து, அந்த மூடியை முகத்தில் போட்டு, இரண்டு பக்கமும் கொக்கி மாட்டுவார்கள். தலை அசையாமல் இருப்பதற்காக.

மெஷின் பார்க்கும் பெண்ணின் பெயர் ஜெயந்தி. நல்ல பிள்ளை. "அண்ணே, ஆடாம படுத்திருங்க. நாங்க வெளிய போயிருவோம். ரெண்டு நிமிசந்தான்" என்று சொல்லி, லைட்டைக் குறைத்து, கூட இருந்த பையனையும் கூட்டிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தாள். நான் வலைக்குள்ளிருந்து கண்ணை உருட்டிப் பார்த்தேன். சன்னல் இல்லை. ஒரே ஒரு வாசல். அதற்கு ஒரு முழம் கனத்தில் ஒரு கதவு, அது தானாக மூடிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு மணி அடித்தது.

இரண்டு பேர் வெளியே ஓடிவிட்டார்கள். நான் மட்டும் உள்ளே கிடக்கிறேன். பதினைந்து வருசம் பழகின உடம்பு என்னைக் கேட்கவே இல்லை. கை இரண்டும் கொக்கியைப் பிடுங்கின. மூடியைத் தள்ளிவிட்டு, மேசையிலிருந்து குதித்து, மூடுகிற கதவின் சந்தில் ஒருக்களித்துப் புகுந்து வெளியே பாய்ந்தேன். நடைபாதை, வளைவு, அதைத் தாண்டி நாற்பது பேர் உட்கார்ந்திருந்த கூடம். "ஓடுங்க! ஓடுங்க!" என்று கத்திக்கொண்டே கூடத்துக்குள் ஓடினேன்.

இதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அந்த நாற்பது பேரில் ஆறு பேர் எழுந்து ஓடினார்கள். ஏன் என்று கேட்கவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பெண்கள் செருப்பை விட்டுவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் போய்விட்டார்கள். மற்ற முப்பத்து நாலு பேரும் கையில் சீட்டை வைத்துக்கொண்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள். வாசலில் வாட்ச்மேன், "என்னய்யா, பாம்பா? உள்ள பாம்பா?" என்று கம்பைத் தேடினார்.

வேப்பமரத்தடியில் நாங்கள் ஏழு பேரும் மூச்சு வாங்க நின்றோம். கட்டடம் அப்படியே இருந்தது. புகை இல்லை, சத்தம் இல்லை. ஓர் அக்கா என்னைப் பார்த்து, "எதுய்யா புடிச்சிக்கிருச்சு?" என்றாள்.

"ஒண்ணும் புடிக்கலக்கா. கதவச் சாத்துனாக" என்றேன்.

"கதவையா சாத்துனாக?" என்றாள். பிறகு அவள்தான் முதலில் சிரித்தாள்.

அப்போது கூடத்திலிருந்து ஒருவர் மெதுவாக நடந்து வந்தார். நல்ல வெள்ளை வேட்டி, கழுத்தில் துண்டு. வயிறு குலுங்குகிறது, கண்ணில் தண்ணீர் வழிகிறது, சத்தம் மட்டும் வரவில்லை. அவருக்குத் தொண்டையில் நோய். பேச்சு காற்றாகத்தான் வரும். கிட்டே போய்க் காதைக் கொடுத்தால்தான் கேட்கும்.

"ஏலே, நீ எந்த ஊரு? தாயில்பட்டியா, ஏழாயிரம்பண்ணையா?"

"ஏழாயிரம்பண்ணை. எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"அதான் பட்டாசுக்கார ஓட்டத்துலயே தெரியுதே. மதுரைக்காரன் ஒருத்தன் அசைஞ்சானா பாத்தியா?"

இவர்தான் நீங்கள் சேவு மாமா என்று சொல்கிற செல்லத்துரை அண்ணாச்சி. சாத்தூரில் காராச்சேவுக் கடை. அன்றோடு அவருக்கு முப்பத்தைந்தில் பதினைந்து நாள் முடிந்திருந்தது.

ஜெயந்தி வந்து கூப்பிட்டாள். டாக்டரம்மா வந்து கூப்பிட்டார். நான் உள்ளே போகவில்லை. மனது போ என்றது, கால் நகரவில்லை. "நாளைக்கும் இப்படிப் பண்ணுனா நாங்க என்ன செய்ய முடியும்? ட்ரீட்மெண்ட்டே வீணாப் போயிரும்" என்று டாக்டரம்மா வருத்தமாகச் சொன்னார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நீங்கள் இரண்டு பேரும் வாசலில் நொண்டி விளையாடியதைப் பார்த்தேன். அப்பா ஆர்டர் விசயமாக மதுரைக்குப் போய் வருகிறார் என்றுதான் அப்போது உங்களிடம் சொல்லியிருந்தோம். ஒரு கதவுக்குப் பயந்து இந்தப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகப்போகிறேனா என்று நினைத்தபோது அழுகை வந்தது. அது இரண்டாவது தடவை. அதோடு சரி.

மறுநாள் காலை, சாத்தூரில் நான் மாறி ஏறிய ஆறரை மணி மதுரை பஸ்ஸில் எனக்காக இடம் பிடித்து வைத்திருந்தார் அண்ணாச்சி. பக்கத்து சீட்டில் துண்டு, மடியில் ஒரு தகர டப்பா.

"நீ இன்னைக்கு உள்ள போக வேண்டாம்ல. நான் போறத வெளிய நின்னு பாரு. அம்புட்டுதான்."

ஆஸ்பத்திரியில் அவர் டாக்டரம்மாவிடம் காற்றுக் குரலில் என்னென்னவோ கெஞ்சினார். மெஷின் அறைக்கு வெளியே சின்ன அறை ஒன்று உண்டு. அங்கே ஒரு டிவி. உள்ளே படுத்திருப்பவர் அதில் தெரிவார். அந்த வாசலில் ஒரு ஸ்டூல் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். அண்ணாச்சியைப் படுக்க வைத்து மூடி மாட்டிவிட்டு, ஜெயந்தியும் பையனும் முந்தின நாள் மாதிரியே விறுவிறுவென்று வெளியே வந்தார்கள். அவர்கள் எங்கே ஓடுகிறார்கள் என்று பார்த்தேன். நேராக வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். பையன் ஒரு பித்தானை அழுத்தினான். ஜெயந்தி டம்ளரை எடுத்து டீ குடித்தாள்.

"ஏம்மா, டீ குடிக்கவா இம்புட்டு வேகமா வந்தீக?" என்றேன்.

"இல்லண்ணே. நாங்க தினம் அம்பது பேருக்கு வைக்கிறோம். உள்ளயே நின்னா அம்புட்டுக் கதிரும் எங்க மேலயும் படும்ல? அதுக்குத்தான். உங்களுக்கு அளவு பாத்துத்தான் குடுக்கோம்" என்றாள். முதல் நாளே இதை யாராவது சொல்லியிருந்தால் ஆறு பேர் ஓட வேண்டியிருந்திருக்காது.

டிவியில் அண்ணாச்சி சவம் மாதிரி கிடந்தார். தலையும் நெஞ்சும் அசையவில்லை. ஆனால் மேசைக் கடைசியில் இரண்டு கால் கட்டைவிரலும் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தன, வில்லுப்பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல. ஜெயந்திக்கு டீ புரையேறிவிட்டது.

வெளியே வந்தவர் சொன்னார். "தலை ஆடக்கூடாதுன்னுதான் சொல்லியிருக்காக. கால் விரல் என்னுது. உள்ள போயி ஆட்டு. நான் வெளிய இருந்து பாக்கேன். நீ ஆட்டுறது நின்னுச்சுன்னா நான் கதவ ஒடச்சுக்கிட்டு உள்ள வாரேன். சரியா?"

அந்தக் கதவை யானை வந்தாலும் உடைக்க முடியாது. இருந்தாலும் போய்ப் படுத்தேன். மூடி மாட்டினார்கள். அவர்கள் போனார்கள். கதவு மூடியது. மணி அடித்தது. நான் விரலை ஆட்டினேன். கை கொக்கிப் பக்கம் போகப் பார்த்தது. விரலை இன்னும் வேகமாக ஆட்டினேன். வெளியே ஓர் ஆள் என் காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பு ஒன்றுதான் என்னை மேசையோடு பிடித்து வைத்தது. வெளியே வந்ததும் அண்ணாச்சி கேட்டார், "ஏன்ல, உள்ள சைக்கிளா ஓட்டுனே?"

அதற்குப் பிறகு தினமும் ஒன்றாகத்தான் போனோம். முதலில் நான் காலைப் பார்ப்பேன், பிறகு அவர் பார்ப்பார். மூன்றாவது வாரம் வாயெல்லாம் வெந்து புண்ணாகிவிட்டது. நாக்கில் ருசி போய்விட்டது. தண்ணீர்கூட ஆணியை நக்கியதுபோல் இருக்கும். கரண்ட் வைப்பவர்களுக்கு இது வருவதுதான், பிறகு சரியாகிவிடும். அம்மா கம்மங்கூழை மோர் விட்டு நீர்க்கக் கரைத்து பிளாஸ்கில் கொடுத்துவிடுவாள். அதை ஒரே டம்ளரில் நானும் அண்ணாச்சியும் மாற்றி மாற்றிக் குடிப்போம். இதை எழுதும்போது அந்தக் குளுமை இப்போதும் தொண்டையில் இறங்குகிறது. விருதுநகரில் பஸ் நிற்கும்போது எண்ணெயில் புரோட்டா வேகிற வாசனை ஏறும். அண்ணாச்சி என் தொடையில் தட்டி, "இழுல. வாசனைக்கு வாய் வேண்டாம். மூக்கு நல்லாத்தானே இருக்கு?" என்பார். இருவரும் கண்ணை மூடிக்கொண்டு இழுப்போம். கண்டக்டர் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

அந்தத் தகர டப்பாவில் என்ன என்று கேட்பீர்கள். சேவுதான். அவருக்கும் ருசி போய்விட்டது. கடையில் போடும் சேவு சரியாக வருகிறதா என்று தெரியாமல் மனுசன் தவித்துப்போனார். அதனால் தினமும் ஒரு டப்பா கொண்டுவந்து கூடத்தில் எல்லோருக்கும் கொடுப்பார். கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கமாட்டார். "காரம் எப்படி? மிளகு தெரியுதா? பல்லுக்கு நொறுக்குன்னு இருக்கா, நமுத்துருக்கா?" என்று ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டு நிற்பார். என்னோடு ஓடிய தாயில்பட்டி அக்காதான் அவருக்குப் பெரிய நீதிபதி. "உப்பு ஒரு கல்லு தூக்கல் அண்ணாச்சி" என்று அவள் சொன்னால், உடனே ஒரு ரூபாய் போனுக்கு ஓடுவார். காற்றுக் குரலில் அவர் கத்துவது கடையில் யாருக்கும் கேட்காது. ரிசீவரை என்னிடம் கொடுப்பார். வாய்ப்புண்ணோடு நான் "உப்பு, உப்பு" என்று குழறுவேன். அந்தப் பக்கம் அவர் மருமகன், இது யாரோ மிரட்டுகிறார்கள் என்று வைத்துவிடுவார்.

அதற்குள் உங்களுக்கும் விசயம் தெரிந்துவிட்டது. என் தாடை கறுத்துப்போனதை மகேசுதான் முதலில் கேட்டாள். சொன்னோம். அன்றிலிருந்து எனக்கு வேப்பிலை விசிறியால் விசிறினது நீதான். பாண்டி எனக்காகப் பேசினான். தெருவில் யார் நலம் கேட்டாலும் நான் "ம்" என்பேன், அவன் பத்து வாக்கியம் சொல்வான். அதில் ஒன்பது பொய். காசு எப்படிப் புரட்டினோம் என்பதை அம்மாவிடம் கேளுங்கள். அவள் காது இன்றைக்கும் வெறுமையாகத்தான் இருக்கிறது. அதை எழுத எனக்கு வரவில்லை.

இருபதாவது நாள் வந்தது. அண்ணாச்சிக்கு அன்றோடு முப்பத்தைந்து முடிந்தது. எனக்கு இன்னும் பத்து. அவர் எல்லோருக்கும் சேவு கொடுத்து, ஜெயந்திக்கு ஒரு கிலோ பொட்டலம் கொடுத்து விடைபெற்றார். வாய்ப்புண் அப்போது உச்சத்தில் இருந்தது. எச்சில் விழுங்கினாலே கண்ணில் தண்ணீர் வரும். அதுகூடப் பெரிதில்லை. நாளைக்கு அந்தக் கதவு மூடும்போது வெளியே ஆள் இருக்காது. என்னால் முடியாது என்று தெரிந்துபோயிற்று. இருபது போதும், மிச்சத்தைச் சாமி பார்த்துக்கொள்ளும் என்று மனதுக்குள் ஒரு முடிவுக்கே வந்துவிட்டேன்.

காலையில் அம்மாதான் சட்டையை மாட்டி பஸ் ஏற்றிவிட்டாள். சாத்தூரில் இறங்கி மதுரை பஸ்ஸில் ஏறினேன். துண்டால் இடம் பிடித்து வைத்துக்கொண்டு அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி, உங்களுக்குத்தான் முடிஞ்சிருச்சே?"

"எனக்கு முடிஞ்சிருச்சு. ஒனக்கு முடியலல்ல?"

"கடை?"

"மருமகன் உப்பு கூடப்போடப் படிச்சுட்டான். இனிமே கம்மியாப் போடப் படிக்கட்டும். நீ தள்ளி உக்காரு."

பத்து நாளும் வந்தார். சாத்தூரிலிருந்து மதுரை, மதுரையிலிருந்து சாத்தூர், தனக்கு ஒரு வேலையும் இல்லாமல். நான் உள்ளே போகும்போது ஸ்டூலில் உட்கார்ந்து டிவியைக் கையால் காட்டுவார், போ நான் இருக்கிறேன் என்று. நான் போய்ப் படுத்து விரலை ஆட்டுவேன். கடைசி நாலைந்து நாளில் தாளம் மாற்றிக்கூடப் போட்டுப் பார்த்தேன். இடது கால் ஒரு தாளம், வலது கால் ஒரு தாளம்.

முப்பதாவது நாள் அம்மாவும் வந்தாள். கடைசித் தடவையாக மூடி மாட்டினார்கள். கதவு மூடியது, மணி அடித்தது. அன்று எனக்கு ஒரே உற்சாகம். விரலை மட்டுமில்லை, பாதத்தையே ஆட்டினேன். முடிந்ததும் மூடியை என் கையிலேயே கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு அண்ணாச்சியிடம் காட்ட வெளியே ஓடி வந்தேன்.

அம்மா வாயில் விரலை வைத்து, சத்தம் போடாதே என்று சாடை காட்டினாள்.

அண்ணாச்சி ஸ்டூலில் சுவரோடு சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். தகர டப்பா மடியிலிருந்து நழுவப் பார்த்தது.

"அசந்துட்டாராம்மா?" என்று ஜெயந்தியிடம் மெதுவாகக் கேட்டேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இன்னைக்கு மட்டுமாண்ணே? அவருக்கு முடிஞ்ச மறுநாள்ல இருந்தே இப்படித்தான். நீங்க உள்ள போயி கதவு சாத்துன ஒடனே தூங்கிருவாரு. நீங்க வெளிய வர்ற சத்தங் கேட்டா முழிச்சுக்குவாரு. கரண்ட் வச்ச அசதி, பாவம். எழுப்ப எங்களுக்கு மனசு வரல."

பத்து நாள். அந்த அறைக்குள் நான் தனியாகத்தான் கிடந்திருக்கிறேன். தாளம் வேறு போட்டிருக்கிறேன்.

அம்மா டப்பாவை மெதுவாக எடுத்து வைத்தாள். "அண்ணன் தூங்கட்டும். அடுத்த பஸ்ஸுல போவோம்" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டோம். இரண்டு பஸ் போயிருக்கும். அவர் திடுக்கென்று விழித்து, என்னைப் பார்த்து, வாயைத் துடைத்துக்கொண்டார்.

"முடிஞ்சிருச்சால? நல்லா ஆட்டுனே, நல்லா ஆட்டுனே."

"பாத்தீகளா அண்ணாச்சி?"

"பாக்காம? எடது கால்தான் இன்னைக்குக் கொஞ்சம் சோம்பலாத் தெரிஞ்சுச்சு."

வாய்ப்புண் பிளந்துகொள்ளும் என்று தெரிந்தும் சிரித்தேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் அண்ணாச்சியும் வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் முதல் தடவையாக அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, கீச்சென்று, கதவு திறப்பதுபோல. மூவரும் சட்டென்று நிறுத்தி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"ஏலே, அது நானா?" என்றார் அண்ணாச்சி.